தகட்டில் 1805 என்றிருந்தால் அச்சும் 1805தானா? நெப்போலியன் காலக் கேலிச்சித்திரங்கள் – விவாத இழை

வரைகோல்:
பிரிட்டிஷ் கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரேயின் 'ஆபத்தில் ப்ளம் புட்டிங்' படத்தைப் பார்க்காதவர்கள் இங்கே இருக்க மாட்டார்கள். பூமி உருண்டை ஆவி பறக்கும் புட்டிங்காகத் தட்டில் இருக்கிறது. இடப்பக்கம் பிரிட்டிஷ் பிரதமர் பிட் அட்லாண்டிக் கடலை வெட்டி எடுக்கிறார். வலப்பக்கம் நெப்போலியன் வாளால் ஐரோப்பாவை அறுக்கிறார். அவருடைய முள்கரண்டி ஹானோவரில் குத்தி நிற்கிறது.

இரண்டு கேள்விகள். ஒன்று: விற்பனைக்கு வரும் பிரதிகள் எல்லாவற்றிலும் 1805 பிப்ரவரி 26 என்ற தேதியே இருக்கிறது. விலையோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கிறது. எதை வைத்து அசல் என்கிறார்கள்? இரண்டு: இவை அரசாங்கம் காசு கொடுத்துப் போடவைத்த பிரசாரமா, கடைக்காரர் தன் லாபத்துக்குப் போட்ட சரக்கா? பொதுப்படையாக வேண்டாம், ஆதாரத்தோடு பேசுவோம்.

செம்புத்தகடு:
முதல் கேள்விக்கு நான் வருகிறேன். அந்தத் தேதி தகட்டுக்கு உரியது, தாளுக்கு உரியதல்ல. 1735இல் பிரிட்டனில் வந்த செதுக்கோவியக் காப்புரிமைச் சட்டப்படி, உரிமையாளர் பெயரும் வெளியான நாளும் தகட்டிலேயே இருந்தால்தான் பாதுகாப்பு. முதலில் 14 ஆண்டு, 1767க்குப் பிறகு 28 ஆண்டு. அதனால்தான் படத்தின் அடியில் 'எச். ஹம்ஃப்ரி, 27 செயின்ட் ஜேம்ஸ் வீதி' என்று முகவரியோடு வருகிறது. அதே தகட்டில் ஐம்பது வருடம் கழித்து அச்சடித்தாலும் அதே வரிதான் விழும்.

எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால்தான் பிரதியைப் படிக்க முடியும். பளபளப்பாகத் தேய்த்த செப்புத் தகட்டைச் சுண்ணப்பொடி போட்டு எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைக்க வேண்டும். லேசாகச் சூடாக்கி, தேன்மெழுகும் நிலக்கீலும் பிசினும் கலந்த பூச்சை மெல்லிய படலமாக ஒற்ற வேண்டும். பிறகு தகட்டைக் கவிழ்த்துப் பிடித்து மெழுகுத்திரிப் புகை காட்டினால் பூச்சு கறுக்கும். ஊசி கீறிய இடத்தில் செம்பு பளிச்சென்று தெரியும். காகிதத்தில் வரைந்த மாதிரியை ஈரப்படுத்திப் பூச்சின் மேல் முகம் கீழாக வைத்து அழுத்தினால் கோடுகள் இடம் வலம் மாறிப் பதியும். அச்சாகும்போது மறுபடி மாறி நேராக வரும். எழுத்துகளை மட்டும் தகட்டில் தலைகீழ் வாக்கில் வலமிருந்து இடமாக எழுதியே ஆக வேண்டும். கில்ரே எழுத்துச் செதுக்குபவரிடம் தொழில் பழகியவர். பேச்சுக் குமிழ்களுக்குள் அவ்வளவு பொடி எழுத்தை நெருக்கி வைத்தும் வாசிக்க முடிகிறதென்றால் அந்தப் பயிற்சிதான் காரணம்.

அடுத்தது அமிலம். தகட்டைச் சுற்றி மெழுகுக் கரை கட்டி, நீர்த்த நைட்ரிக் அமிலத்தை ஊற்றுவார்கள். கீறிய கோடுகளில் குமிழி கிளம்பும். இறகால் அதை விலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். குமிழி உட்கார்ந்த இடத்தில் அமிலம் படாமல் கோடு அறுந்து போகும். மெல்லிய கோடு போதுமான ஆழம் வந்ததும் அமிலத்தை வடித்து, அந்தப் பகுதிக்கு வார்னிஷ் பூசி அடைத்துவிட்டு மீண்டும் ஊற்றுவார்கள். முன்னால் நிற்பவரின் கோடு தடித்தும் பின்னணி மெலிந்தும் இருப்பது இப்படித்தான். அமிலத்தின் வீரியம் கூடிவிட்டால் குறுக்குக் கோடுகளுக்கு நடுவிலுள்ள பூச்சு பெயர்ந்து நிழல் முழுக்க ஒரே கறையாகிவிடும். தகட்டில் பிசுக்கு இருந்திருந்தால் வெற்றிடத்தில் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். அவசரத்தில் செய்த தகடுகளில் இந்த இரண்டு குறையையும் பார்க்கலாம்.

வரைகோல்:
அவசரம் என்றால் எவ்வளவு அவசரம், ஐயா?

செம்புத்தகடு:
பிரிட்டன் 1803 மே 18 அன்று போர் அறிவித்தது. நெப்போலியன் மேசை நாற்காலியை உதைத்துத் தள்ளி வெறி பிடித்துக் கத்தும் படத்தில் மே 24 என்று இருக்கிறது. ஆறே நாள். முடிசூட்டு விழா 1804 டிசம்பர் 2. அந்த ஊர்வலத்தைக் கேலி செய்யும் நீளமான தகடு, ஏறத்தாழ 77 செ.மீ., 1805 ஜனவரி 1 தேதியோடு வந்துவிட்டது. பவேரியாவும் வூர்ட்டம்பெர்க்கும் 1806 ஜனவரி 1 அன்று ராஜ்யங்களாயின. நெப்போலியன் அடுப்பிலிருந்து இஞ்சி ரொட்டி அரசர்களைச் சுட்டு எடுக்கும் படத்தில் ஜனவரி 23 என்று தேதி. பிட் இறந்ததும் அதே நாளில்தான்.

நீர்க்குறி:
தகடு பொய் சொல்லாது, ஆனால் முழுசாகவும் சொல்லாது. மீதியைக் காகிதம் சொல்லும். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். 1794இல் வந்த விதியால், ஏற்றுமதிக் காகிதத்துக்கு வரியைத் திரும்பப் பெற வேண்டுமானால் நீர்க்குறியில் (தாள் செய்யும்போதே பதிந்து, வெளிச்சத்தில் தெரியும் ஆலைக் குறி) ஆண்டு இருக்க வேண்டும் என்றானது. அதனால் ஆலைக்காரர்கள் வாட்மன் போன்ற பெயரோடு ஆண்டையும் சேர்த்தார்கள். தகட்டில் 1805, நீர்க்குறியில் 1818 என்றால் அது 1818க்கு முன் அச்சாகியிருக்க வழியே இல்லை. நீர்க்குறி 1804 என்றால் நம்பிக்கை கூடுகிறது, அவ்வளவுதான். பழைய காகிதத்தைப் பின்னால் பயன்படுத்த யாரும் தடை சொல்லவில்லை. தாளின் ஓரம் வெட்டப்பட்டு நீர்க்குறியே இல்லாமல் போயிருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

விற்பனையில் அதிகம் ஏமாறும் இடம் போன் பதிப்பு. கடை நடத்திய ஹன்னா ஹம்ஃப்ரி 1818இல் இறந்தார். தகடுகள் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஹென்றி போன் என்ற பதிப்பாளரிடம் போயின. 1850ஐ ஒட்டி அவர் அவற்றைத் தடித்த தாளில் பெரிய தொகுப்பாக அச்சிட்டார். அடையாளம் காண்பது எளிது:

– மேல் வலது மூலையில் ஒரு வரிசை எண் செதுக்கப்பட்டிருக்கும். கில்ரே காலத்துப் பிரதியில் அது கிடையாது.
– தாளின் இரண்டு பக்கமும் படம் இருக்கும். கடையில் ஒற்றைத் தாளாக விற்றவை ஒரு பக்கம் மட்டுமே.
– வண்ணம் இராது. இருந்தால் பின்னால் யாரோ தீட்டியது.

அதற்கு முன்பே, 1830இல் தாமஸ் மக்லீன் அதே தகடுகளிலிருந்து ஒரு தொகுப்பு வெளியிட்டார், அதில் வண்ணமும் உண்டு. ஆகவே 'வண்ணம் இருக்கிறது, ஒரு பக்கம் அச்சாகியிருக்கிறது, எனவே 1805' என்று தாவக் கூடாது. கடைசி முடிவை நீர்க்குறியும் கோட்டின் தேய்மானமும்தான் சொல்லும்.

செம்புத்தகடு:
தேய்மானம் பற்றி ஒரு வார்த்தை. செம்பு மிருதுவான உலோகம். ஒவ்வொரு பிரதிக்கும் தகட்டைச் சூடாக்கி மை ஒற்றி, மஸ்லின் துணியாலும் பிறகு உள்ளங்கையாலும் துடைத்து, முந்தின இரவே ஈரப்படுத்திய தாளோடு உருளைக்குள் தள்ளுகிறார்கள். தேய்வது பெரும்பாலும் துடைப்பதால்தான். பிசின் பொடி தூவி அரித்த அக்வாடிண்ட் சாயல் முதலில் போகும், அடுத்து முகத்திலுள்ள மெல்லிய நிழல். வெளிக்கோடு கடைசி வரை நிற்கும். செம்புக்கு இரும்பு முலாம் பூசிக் காப்பாற்றும் வழி அப்போது இல்லை. பிரமாண்ட அரசன் உள்ளங்கையில் குட்டி நெப்போலியனை வைத்துக் கண்ணாடியால் ஆராயும் 1803 ஜூன் 26 தகட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல பிரதியில் பின்னணி வெல்வெட் மாதிரி ஆழ்ந்திருக்கும். தேய்ந்த பிரதியில் அது சாம்பல் பூத்துக் கிடக்கும்.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். செப்புத் தகட்டு மை தாளுக்கு மேல் மேடாக நிற்கும், சாய்வு வெளிச்சத்தில் தெரியும். ஒழுங்கான புள்ளிக் கட்டம் தெரிந்தால் அது இருபதாம் நூற்றாண்டுப் படப்பிரதி. மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லை. தகட்டின் விளிம்பு அழுத்திய பள்ளம் இல்லை என்பதற்காக மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் ஆல்பத்தில் ஒட்ட ஓரத்தைக் கத்தரித்துவிடுவது சாதாரணம்.

கணக்குப்பேரேடு:
இரண்டாம் கேள்வி. 'அரசாங்கப் பிரசாரம்' என்று ஒரே வீச்சில் சொல்வதை நான் ஏற்கவில்லை. பணம் எங்கே போனது என்று பாருங்கள்.

1797 கடைசியிலிருந்து, பிட் அரசில் இருந்த ஜார்ஜ் கேனிங்கின் ஏற்பாட்டில் கில்ரேவுக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு ரகசிய உதவித்தொகை கிடைத்தது. அது உண்மை. ஆனால் 1801இல் பிட் பதவி விலகினார்; தொகையும் நின்றது. 'லிட்டில் போனி' (குட்டி நெப்போலியன்) படங்களில் பேர் பெற்றவை 1803 முதல் 1806 வரை வந்தவை. அவற்றுக்கு முதலாளி கடைக்கு வந்த வாடிக்கையாளர்.

நேரடியாகப் பணம் கொடுத்துச் செய்ய முயன்றபோது என்ன ஆயிற்று என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 1798இல் சர் ஜான் டால்ரிம்பிள், பிரெஞ்சுக்காரர்கள் படையெடுத்து வென்றால் என்ன நேரும் என்று காட்ட 20 தகடுகள் கொண்ட வரிசைக்குத் திட்டம் போட்டார். மலிவாக ஊரெங்கும் பரப்ப வேண்டும் என்பது அவர் எண்ணம். கில்ரே செய்ததோ தன் வழக்கமான தரத்தில், அந்தத் தரத்துக்கான செலவில். நான்கு படத்தோடு நின்றுபோயிற்று. எனக்கு இந்தத் தோல்விதான் மிக முக்கியமான சான்று. செப்புத் தகட்டு அச்சு மலிவாக முடியாத தொழில். ஒரு தகடு நல்ல நிலையில் சில நூறு பிரதிகள் தரும், ஒவ்வொன்றும் கையால் துடைத்து, கையால் வண்ணம் தீட்டியது. இதை வைத்து லட்சம் பேரை எட்டவே முடியாது.

விலையையும் பாருங்கள். தாமஸ் டெக் சீப்சைடு கடையில் வண்ணப் படத்தை ஒரு ஷில்லிங்குக்கு விற்றார். அதுவே மலிவு என்று பேர். ஹம்ஃப்ரி கடையில் பெரிய படங்கள் அதைவிடப் பல மடங்கு. பண்ணைத் தொழிலாளியின் வாரக் கூலி 10 ஷில்லிங்கை ஒட்டி இருந்த காலம் அது. வாங்கியவர்கள் வெஸ்ட்எண்ட் கனவான்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும்.

பழைய அச்சுக்கூடம்:
வாங்கியவர்களை மட்டும் எண்ணினால் கணக்குத் தப்பும், நண்பரே. கடை ஜன்னல் இருக்கிறதே! புதுப் படங்களைக் கண்ணாடிச் சட்டங்களில் ஒட்டிவிடுவார்கள், நடைபாதையை அடைத்துக் கூட்டம் நிற்கும். பிக்கடில்லியில் எஸ்.டபிள்யூ. ஃபோர்ஸ் கேலிச்சித்திரக் கோப்புகளை ஒரு மாலைக்கு வாடகைக்கு விட்டார். விருந்துக்கு வந்தவர்கள் எல்லோரும் புரட்டிப் பார்ப்பார்கள். ஒரு பிரதிக்கு ஒரு பார்வையாளர் என்று கணக்கிட முடியாது.

ஆனால் உங்கள் முடிவோடு பாதி உடன்படுகிறேன். 1803 படையெடுப்புப் பயத்தில் உண்மையான பரவல் பிரசாரம் செய்தவை ஒற்றைத் தாள் துண்டறிக்கைகள். கார்ன்ஹில்லில் ஜேம்ஸ் ஆஸ்பர்ன் என்ற கடைக்காரர் அவற்றை டஜன் கணக்கிலும் நூறு கணக்கிலும் தள்ளுபடி விலையில் விற்றார். பிரபுக்களும் நீதிபதிகளும் மொத்தமாக வாங்கித் தங்கள் ஊரில் இலவசமாக ஒட்ட வேண்டும் என்று அந்தத் தாளிலேயே அச்சிட்டார். எழுத்து கோக்கும் அச்சில் ஆயிரக்கணக்கில் அடிக்கலாம், வண்ணம் தேவையில்லை. நெப்போலியனை எதிர்த்த பிரசாரம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தத் தாள்களைப் பார்க்காமல் கில்ரேயை மட்டுமே காட்டுவது பெரிய குறை.

பணம் நின்றாலும் தொடர்பு நிற்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேனிங்கின் நண்பர் ஜான் ஸ்னெய்ட் என்ற பாதிரியார் கில்ரேவுக்குப் படக் கருக்கள் அனுப்பிக்கொண்டிருந்தார். மேலே சொன்ன பிரமாண்ட அரசன் படத்தின் கருவும் பிராடில் என்ற ராணுவ அதிகாரி தந்தது. படத்தின் கீழ் மூலையைப் படியுங்கள்: 'இன்வ்' என்றால் கரு தந்தவர், 'ஃபெக்' என்றால் தகட்டில் செய்தவர். இரண்டும் ஒரே பெயரில் இல்லாவிட்டால் பின்னால் இன்னொருவர் இருக்கிறார்.

கணக்குப்பேரேடு:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே கில்ரே 1797 மார்ச்சில் பிட்டை எல்லாவற்றையும் காகிதப் பணமாக்கும் மைதாஸாக (தொட்டதெல்லாம் பொன்னாகும் கிரேக்கக் கதை அரசன்) வரைந்தார். மீண்டும் பிரதமரான பிட், ப்ளம் புட்டிங்கிலும் தியாகி இல்லை, எலும்பும் தோலுமாக உட்கார்ந்து கடலை விழுங்கும் பேராசைக்காரர். எந்த அரசாங்கமும் காசு கொடுத்துத் தன் பிரதமரை இப்படி வரையச் சொல்லாது.

மார்த்தினே வீதி:
பிரான்ஸ் பக்கம் வந்தால் இந்த விவாதமே வேறு. அங்கே அரசு நேரடியாகவே ஏற்பாடு செய்தது. 1794இல் பொதுப் பாதுகாப்புக் குழுவின் கோரிக்கையில் ஓவியர் டேவிட்டே ஆங்கிலேயருக்கு எதிராக இரண்டு கேலிச்சித்திரங்கள் செய்தார். நெப்போலியன் 1805இல் காவல்துறை அமைச்சர் ஃபூஷேவுக்கு எழுதிய கடிதத்தில், கையில் பணப்பையோடு ஒரு ஆங்கிலேயன் ஐரோப்பிய அரசுகளிடம் காசை வாங்கிக்கொள்ளும்படி கெஞ்சுவது போல் படங்கள் போடச் சொல்கிறார். கருவைப் பேரரசரே கொடுக்கிறார்! 1810 பிப்ரவரி 5 ஆணைக்குப் பிறகு அச்சகமும் புத்தக வணிகமும் ஒரு தலைமை அலுவலகத்தின் கீழ் வந்தன.

கட்டுப்பாட்டின் விளைவு தெளிவாகத் தெரிகிறது. 1803–04இல் பாரிஸில் வந்த படையெடுப்புப் படங்களில் பலூனில் பறக்கும் வீரர்களும் ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் சுரங்கமும் உண்டு. கற்பனை வளமானவை. ஆனால் சொந்த ஆட்சியாளர் மீது ஒரு கோடு கூட இல்லை. 1814இல் அவர் வீழ்ந்ததும் அடைத்துவைத்த எல்லாமே வெடித்துக் கொட்டியது. 1815இல் கனு செய்த வயலட் பூங்கொத்து அதற்கு நேர் எதிர்ப்பக்கம்: பூவுக்கும் இலைக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் நெப்போலியன், மரி லூயிஸ், மகன் மூவரின் பக்கவாட்டு முகங்கள் ஒளிந்திருக்கின்றன. ஆதரவாளர்கள் வெளியே சொல்ல முடியாததைச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள்.

வரைகோல்:
பிரிட்டனும் பிரான்சும் 1802இல் செய்துகொண்ட அமியன்ஸ் சமாதானப் பேச்சில் கேலிச்சித்திரக்காரர்களைக் கொலைகாரர்களாக நடத்த வேண்டும் என்று நெப்போலியன் கேட்டதாக எங்கும் எழுதுகிறார்களே?

மார்த்தினே வீதி:
உறுதியான ஆவணம் இருப்பது பெல்தியே விவகாரத்துக்கு. லண்டனில் இருந்த பிரெஞ்சு அகதிப் பத்திரிகையாளர் அவர். அவர் நெப்போலியனைப் பற்றி அவதூறு எழுதுவதாக 1802இல் பிரெஞ்சுத் தூதர் அதிகாரபூர்வமாகப் புகார் செய்தார். 1803 பிப்ரவரியில் லண்டன் நீதிமன்றம் பெல்தியேயைக் குற்றவாளி என்றது; மே மாதம் போர் மூண்டதால் தண்டனை விதிக்கப்படவே இல்லை. அவதூறு நெப்போலியனைச் சுட்டது என்பதற்கு இதுவே போதும். கில்ரே எல்லாப் படைகளையும்விட அதிகம் சேதம் செய்தார் என்று நெப்போலியன் சொன்னதாகப் பரவும் வாசகத்துக்குக் கீழே தேதியோ கடிதமோ காட்டுவதில்லை. அதைக் கட்டுரைகளில் பயன்படுத்தாதீர்கள்.

நீர்க்குறி:
நெப்போலியன் குள்ளம் என்ற விஷயத்தையும் முடித்துவிடலாம். 1799 நவம்பரில் கில்ரே வரைந்த போனபார்ட் ஒல்லியாக, சாதாரண உயரத்தில் இருக்கிறார். குட்டி உருவம் 1803இல்தான் நிலைக்கிறது. மருத்துவர் அந்தோமார்க்கி பதிவு செய்த உயரம் 5 அடி 2 அங்குலம் 4 கோடு (கோடு என்பது அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு), பிரெஞ்சு அளவில். பிரெஞ்சு அடி 32.48 செ.மீ. என்பதால் அது சுமார் 168.7 செ.மீ. ஆங்கில அடியாக வாசித்தால் 158க்கு இறங்கிவிடும். அளவுகோல் குழப்பமும் கில்ரேயின் உருவமும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டன.

பழைய அச்சுக்கூடம்:
பிரிட்டனையே சுற்றிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் கண்டம் முழுக்கப் பரவிய படம் பெர்லினில் பிறந்தது. ஹென்ஷெல் சகோதரர்கள் 1814 புத்தாண்டை ஒட்டி வெளியிட்ட நெப்போலியன் முகம். ஃபோல்ட்ஸ் என்ற ஓவியர் பெயரிலும் வழங்குகிறது. முகம் முழுதும் பிணங்களால் ஆனது. தொப்பி பிரஷ்யக் கழுகு. சட்டை ரைன் கூட்டமைப்பின் (நெப்போலியனுக்குக் கீழ் இருந்த ஜெர்மன் அரசுகள்) வரைபடம், மார்பு நட்சத்திரம் சிலந்தி வலை, தோள் அலங்காரம் அந்த வலையைப் பறிக்கும் ஒரு கை. வார்த்தையே தேவைப்படாததால் பல நாடுகளில் பிரதியெடுத்தார்கள். லண்டனில் ஆக்கர்மன் வெளியிட்டார். கில்ரே படத்தில் குமிழ்களை மொழிபெயர்க்காவிட்டால் பாதி போய்விடும். இந்தப் படத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. பிரசாரம் என்று சொல்லத் தகுந்தது இதுதான் என்பது என் கருத்து.

ரஷ்யாவின் இவான் தெரெபேன்யெவும் முக்கியமானவர். ரஷ்யக் குடியானவர்கள் நெப்போலியனுக்கு நடனம் கற்றுக்கொடுக்கும் அவர் படத்தைப் பார்த்து 1813 மே மாதம் ஜார்ஜ் குருக்ஷாங்க் லண்டனில் தன் பதிப்பைச் செய்தார். 1812 போரை வைத்துக் குழந்தைகளுக்கு 34 சிறு அட்டைகள் கொண்ட அரிச்சுவடியும் தெரெபேன்யெவ் தயாரித்தார்.

செம்புத்தகடு:
பிரதியெடுத்தல் என்றதும் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காப்புரிமைச் சட்டம் 1836 வரை அயர்லாந்துக்கு நீளவில்லை. டப்ளினில் லண்டன் படங்களைத் தாராளமாகத் திருட்டுப் பிரதி செய்தார்கள். 1798இல் வைமரில் தொடங்கிய 'லண்டன் உண்ட் பாரிஸ்' இதழ் கில்ரே படங்களைச் சிறிதாக்கி விளக்கத்தோடு வெளியிட்டது. அந்தத் தாள்களில் மடிப்புத் தழும்பு இருக்கும். பிரதி செய்பவர் மாற்றிப் பதிக்காமல் பார்த்ததை அப்படியே தகட்டில் வரைந்தால் படம் கண்ணாடி பிம்பமாக வரும். வாளை இடக்கையில் பிடித்த நெப்போலியன், ஆனால் எழுத்து மட்டும் நேராக: இப்படி இருந்தால் சந்தேகப்படுங்கள். அசலோடு ஒப்பிட பிரிட்டிஷ் மியூசியப் பட்டியல் எண்ணைக் கேளுங்கள். ப்ளம் புட்டிங்குக்கு 10371.

வரைகோல்:
வண்ணம் அசலா என்று கண்டுபிடிக்க?

நீர்க்குறி:
வண்ணம் தீட்டியவர்கள் ஒரு மாதிரிப் பிரதியைப் பார்த்து ஆளுக்கொரு நிறமாக வேகமாகப் பூசினார்கள். கோட்டைத் தாண்டி வழிவது குறையல்ல. பழைய தாளில் பழுப்புப் புள்ளிகளும் மடிப்பு வெடிப்புகளும் இருக்கும். நிறம் அந்த வெடிப்புக்குள் இறங்கிக் கசிந்திருந்தால் வெடிப்புக்குப் பிறகு தீட்டியது. தாளின் பின்பக்கம் பாருங்கள்: செம்புப் பச்சை காலப்போக்கில் தாளை அரித்துப் பின்னால் பழுப்பாகத் தெரியும். ஈயச் சிவப்பு கறுத்திருக்கும். இரண்டையும் புதிதாகத் தீட்டுபவர் கொண்டுவருவது கடினம்.

வாங்கியபின் செய்யக் கூடாதவை: தண்ணீரில் கழுவாதீர்கள், மஞ்சளும் கார்மைன் சிவப்பும் ஓடிவிடும். குளோரின் வெளுப்பு வேண்டவே வேண்டாம், தாள் பொடியாகும். ஒட்டுநாடா பக்கம் போகாதீர்கள். பருத்தி அட்டையில், ஜப்பானியத் தாள் கீற்றும் கோதுமைப் பசையும் கொண்டு மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும் பிடிப்பு வையுங்கள். நான்கு பக்கமும் ஒட்டினால் ஈரக்காற்றில் தாள் விரிய இடமில்லாமல் அலை அலையாகும். மாட்டினால் வெளிச்சம் 50 லக்ஸுக்குள், அதுவும் சில மாதம் மட்டும். போன் பதிப்பாக இருந்து இரண்டு பக்கமும் படம் இருந்தால் எந்தப் பக்கமும் ஒட்டாமல் மூலைப் பைகளில் செருகி வையுங்கள்.